மூக்கால் எழுது

முப்பத்தெட்டு நோட்டுகள்.
முப்பத்தாறில் வயல்
பச்சைப் பட்டு விரித்துக் கிடக்கிறது.
மீதி இரண்டில் வயல் இல்லை,
அந்த இருவரும் அன்று லீவு.
சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்தபடி
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
திருபுவனத்துத் தறிகள் மொத்தமும் ஓடினாலும்
இத்தனை பட்டு நெய்ய முடியாது.

மறுநாள் கரும்பலகையில் எழுதினேன்:
அழகு, எழில், ரம்மியம், பசுமை, பட்டு
ஐவருக்கும் இந்த வாரம் விடுமுறை.
"அப்ப எதைத்தான் எழுதறது டீச்சர்?"
"வெண்ணாத்துப் பாலத்துக்குப் போங்க.
கண்ணை மூடுங்க.
என்ன மிச்சம் இருக்கோ, அதை."

நின்றுகொண்டு மூடச் சொல்லியிருக்க வேண்டும்.
விசாகன் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கினான்.
ஹெச்.எம். எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்.
அந்த வாரம் உருப்படியாக எழுதியவன்
விழுந்தவன் ஒருவன்தான்:
'தண்ணி மூக்கில் ஏறினால் மிளகாய் மாதிரி எரியும்.
சேறு பல்லில் நறநறக்கும்.
ஆகாயத்தாமரைத் தண்டு கழுத்தில் பட்டதும்
பாம்பு என்று அம்மாவைக் கூப்பிட்டேன்.
அம்மா குமிழியாகத்தான் வந்தாள்.'

பிறகு மெல்ல வரத் தொடங்கின.
லெனின்குமார் கொள்முதல் நிலையத்தைக் கொண்டுவந்தான்.
ஈரப்பதம் பத்தொன்பது என்கிறது எந்திரம்.
அவன் அப்பா ஒரு நெல்லை எடுத்துக்
கடைவாயில் வைக்கிறார்.
'டக்கென்று உடைந்தால் காய்ந்தது.
டக்கென்றுதான் உடைந்தது, எனக்கே கேட்டது.
எந்திரத்துக்குக் காது இல்லை.'
தார்ப்பாய்க்கடியில் மூன்று ராத்திரி.
நாலாம் நாள் குவியலுக்குள் கைவிட்டால்
காய்ச்சல்காரன் அக்குள் போலச் சூடு.

அந்த அக்குளுக்கு ஒரு மதிப்பெண் கூட்டினேன்.
பக்கத்து நாற்காலி கனகாம்புஜம் டீச்சர்
எட்டிப் பார்த்துச் "சீ" என்றார்.
அதற்குத்தான் அந்த ஒரு மதிப்பெண்.

அடுத்த வாரம்: ஒரு வாசனையை எழுதுக.
சஃப்ரினா எழுதியிருந்தாள்:

'ரைஸ் மில் வளைவுக்குக் கொஞ்சம் முன்னால்
கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக்
கைக்குட்டையை வைப்பார்.
முன்சீட்டுக் குழந்தை
அம்மா கழுத்தில் முகத்தைப் புதைக்கும்.
பூக்காரம்மா கூடையின் ஈரத்துணியை
இன்னொரு மடிப்பு மடித்து மூடுவார்.
ஒருவர் மட்டும், மில்லில் வேலை பார்ப்பவர் போல,
ஜன்னலைத் திறந்துவிட்டு நன்றாக இழுப்பார்.
வளைவு முடியும்.
விட்ட இடத்திலிருந்து எல்லாரும் பேசுவார்கள்.'

ஓரத்தில் நான் சிவப்பில்:
'நன்று. ஆனால் வாசனை எங்கே?
அவிந்த நெல் புளிக்குமா, இனிக்குமா,
ஊறிய வைக்கோலா, சுட்ட மண்ணா?
மூக்கால் எழுது.'

நோட்டு திரும்பி வந்தது.
என் எழுத்துக்குக் கீழே பென்சிலில்,
வேண்டாமென்றால் அழித்துவிடத் தோதாக:
'கொரோனா வந்துபோனதிலிருந்து
எனக்கு மூக்கு இல்லை டீச்சர்.
பால் அடிப்பிடித்தால்
தம்பி முகத்தைப் பார்த்து அடுப்பை அணைப்பேன்.
வீட்டில் யாருக்கும் தெரியாது.'

இன்னொரு முறை படித்தேன்.
புளிப்பு இனிப்பு என்று நான் அடுக்கிய நாலும்
போன வருடமும் நான் பலகையில் எழுதிப்போட்டவை.
அதற்கு முந்தின வருடமும்.
மதிப்பெண் போடும் கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்று
ஒரு சிவப்புப் பொட்டு ஊறியது.
எந்திரமாக இருந்தால் எண் சொல்லியிருக்கும்.
'சாயந்திரம் என்னைப் பார்' என்று எழுதினேன்.
அவள் வரவில்லை.

நாலு நாற்பது பஸ்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
கைக்குட்டை வந்தது. நீலக் கட்டம் போட்டது,
அதை அவள் எழுதவில்லை.
கழுத்து. ஈரத்துணி. ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு.
மில்காரர் இன்று வரவில்லை போலும்,
அவருடைய ஜன்னல் மூடியே கிடந்தது.
எழுந்துபோய்
நான் திறந்தேன்.